கடைத் தளத்துக்கு எந்த இலவச பிளகின்கள் போதும்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அம்மாவும் அப்பாவும் நடத்தும் கடைக்கு வேர்ட்பிரஸில் ஒரு தளம் அமைத்திருக்கிறீர்கள், தம்பி. பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் என்று சாமான்கள். வாங்குகிற ஆக்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில், மற்றப் பாதி கனடாவிலும் லண்டனிலும். தளத்துக்கு மேலதிக வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்களான பிளகின்களை முப்பதுக்கு மேல் ஏற்றியாயிற்று. இப்போது ஃபோனில் தளம் திறக்க நேரமெடுக்கிறது, தொடர்புப் படிவத்தில் எழுதுபவர்களின் மின்னஞ்சலும் வந்து சேருவதில்லை. காசு கொடுத்து வாங்க இப்போதைக்கு வசதியில்லை. எந்த இலவச பிளகின்களை வைத்திருக்கலாம், எவற்றை எடுத்துவிடலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் கடைக்கு ஒன்பது பத்து பிளகின் போதும். அத்தனையும் இலவசமாகவே கிடைக்கும். பெயர்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் அது பழசாகிவிடும், நீங்கள் திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள். ஒரு பிளகினை ஏற்றும்போது அது இன்றைக்குச் செய்யும் வேலையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏற்றுகிறோம். அதை எழுதியவர் நாளைக்கும் அதைக் கவனிப்பாரா என்பதை யாரும் பார்ப்பதில்லை. இலவச பிளகினில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் கிட்டத்தட்ட 60,000 இலவச பிளகின்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. சிலவற்றை ஆர்வலர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். முழுதும் இலவசம், அவர்களிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. சிலவற்றுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கும். அடிப்படை வசதி இலவசம், மேலதிகமாக வேண்டுமென்றால் கட்டணம். வேறு சில, வெளியே இருக்கும் ஒரு சேவையோடு இணைத்துவிடுவதோடு நின்றுவிடும். இலவசத்தின் எல்லையை அந்தச் சேவைதான் தீர்மானிக்கும். அகிஸ்மெட் இந்தக் கடைசி வகை. வேர்ட்பிரஸோடு கூடவே வருவதால் எல்லோருக்கும் இலவசம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் இலவசத் திட்டம் வணிகம் செய்யாத தனிப்பட்ட தளங்களுக்கு மட்டும்தான். உங்களுடையது கடை. எரிதக் (ஸ்பாம்) கருத்துகள் தொல்லை தந்தால் அன்டிஸ்பாம் பீ போடுங்கள், அது வணிகத் தளத்துக்கும் இலவசம். கடைக்குக் கருத்துப் பகுதியே தேவையில்லை என்றால் அமைப்புகளில் அதை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பிளகினும் வேண்டாம்.

என்னிடம் கேட்டால், கட்டணப் பதிப்பு விற்கும் நிறுவனத்தின் இலவசப் பதிப்பையே பெரும்பாலும் விரும்புவேன். கட்டுப்பாட்டகத்தில் விளம்பரம் காட்டுவார்கள், அது எரிச்சல்தான். ஆனாலும் அந்த வருமானத்தில்தான் ஒருவர் உட்கார்ந்து பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறார். களஞ்சியத்துக்கென்று விதிகளும் உண்டு. சில நாள் வேலை செய்துவிட்டுக் காசு கேட்டு நிற்கிற பிளகினுக்கு அங்கே இடமில்லை. உங்கள் அனுமதி இல்லாமல் தளத்தின் அடியில் தங்கள் பெயரையும் சுட்டியையும் போடக் கூடாது. கேட்காமல் உங்கள் தகவல்களை வெளியே அனுப்பவும் கூடாது. இவற்றை மீறுகிற பிளகின் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடலாம்.

இனி, ஒரு பிளகினின் பக்கத்தைத் திறந்தால் எதைப் பார்ப்பது? நட்சத்திரங்களையும், எத்தனை லட்சம் தளங்களில் இருக்கிறது என்பதையும்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நான் அவற்றைக் கடைசியில் பார்ப்பேன். முதலில், கடைசியாக எப்போது அப்டேட் வந்தது, எந்த வேர்ட்பிரஸ் பதிப்புவரை சோதித்திருக்கிறார்கள். அண்மைய மூன்று பெரிய பதிப்புகளோடு சோதிக்கப்படவில்லை என்றால் மஞ்சள் பட்டையில் எச்சரிக்கை வரும். அதைக் கண்டால் திரும்பிவிடுங்கள். அடுத்து உதவிப் பகுதி. அங்கே ஆக்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கிறதா, பதில் சொன்னது எழுதியவர்தானா என்று ஒரு இருபது கேள்வியையாவது புரட்டிப் பாருங்கள். பிறகு மாற்றப் பதிவு. 'சிறு திருத்தங்கள்' என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருப்பவரைவிட, எந்த ஓட்டையை எந்தப் பதிப்பில் அடைத்தோம் என்று திறந்து சொல்கிறவரை நம்பலாம்.

ஓட்டை வந்ததற்காக மட்டும் ஒரு பிளகினை ஒதுக்க வேண்டாம். 2024 நவம்பரில் 40 லட்சம் தளங்களில் இருந்த ரியலி சிம்பிள் செக்யூரிட்டி பிளகினில் மிக மோசமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டை உறுதிப்பாட்டை இயக்கி வைத்திருந்த தளங்களில், கடவுச்சொல் தெரியாமலே நிர்வாகியாக உள்ளே போய்விட முடிந்தது. ஆனால் அடைப்பு கெதியாக வந்தது. வேர்ட்பிரஸ் குழுவும் கட்டாய அப்டேட்டாக அதைத் தளங்களுக்கு அனுப்பியது. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகினின் கதை இதற்கு நேர்மாறு. இரண்டு லட்சம் தளங்களில் இருந்த அதை எழுதியவர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் 2017இல் வந்த அப்டேட்டுகளில் கள்ளக் கதவு ஒன்றை வைத்து, அந்தத் தளங்களில் எரிதப் பக்கங்களை ஏற்றினார்கள். பல தடவை நீக்கியும் திரும்பி வந்து, கடைசியில்தான் களஞ்சியத்திலிருந்து அது முற்றாக எடுக்கப்பட்டது. ஏற்றியவர்கள் பக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. நல்ல பிளகின் என்று நம்பித்தான் ஏற்றினார்கள். அதனால்தான், ஏற்கனவே தளத்தில் இருக்கும் பிளகின்களையும் ஆறு மாதத்துக்கு ஒருதடவை இதே கண்ணோடு திரும்பப் பாருங்கள் என்று சொல்கிறேன். களஞ்சியத்தில் தேடும்போது பிளகின் மூடப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு வந்தால், அது உங்கள் தளத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே மாற்று தேடுங்கள். மூடப்பட்டிருக்கும்வரை அந்தப் பிளகினுக்கு அப்டேட் வராது, வரவில்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கட்டண பிளகின்களையும், தளத்துக்குத் தோற்றம் தரும் தீம்களையும் உடைத்து 'இலவசமாக' தருகிற தளங்கள் இருக்கின்றன. தளம் செய்து தருபவர்கள் சிலர் அவற்றை வாடிக்கையாளருக்குச் சொல்லாமலே போட்டுவிடுகிறார்கள். உங்கள் முப்பதுக்குள் அப்படி ஏதாவது இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும். அந்தக் கோப்புகளுக்குள் என்ன செருகியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்டேட்டும் வராது.

சரி, இனி நீக்கும் வேலை. பழைய கட்டுரைகளையும் வீடியோக்களையும் பார்த்துத் தளம் அமைத்தால் இப்படித்தான் நிறைந்துபோகும். அவை எழுதப்பட்ட காலத்தில் பிளகின் தேவைப்பட்ட பல வேலைகளை இன்றைக்கு வேர்ட்பிரஸே செய்கிறது. பெரிய படங்களை 2560 பிக்சலுக்குக் குறைப்பது 2019இல் 5.3 பதிப்போடு வந்துவிட்டது. பக்கத்தை உருட்டும்போது மட்டும் படங்களை இறக்குவது, தேடுபொறிகளுக்கான தளவரைபடம், பிளகின்களைத் தானாக அப்டேட் செய்வது ஆகிய மூன்றும் 2020இல் 5.5 பதிப்போடு வந்தன. வெப்பி என்ற வகைப் படங்களை 2021இலிருந்து நேரடியாக ஏற்றலாம். பிளொக் தீம் பயன்படுத்தினால் 2024இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து எழுத்துருக்களையும் உள்ளேயே சேர்க்கலாம். இந்த வேலைகளுக்காகத் தனியாக எது போட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

வட்ஸ்அப் பட்டனுக்கு ஒரு பிளகின் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சாதாரணச் சுட்டி போதும். வட்ஸ்அப்பின் டபிள்யூஏ.எம்ஈ முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, கடை எண்ணை எழுதுங்கள். முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு 94 சேர்க்க வேண்டும். கூட்டல் குறியோ இடைவெளியோ வேண்டாம். அந்தச் சுட்டியை ஒரு பட்டனில் கொடுத்தால் ரொறன்ரோவில் இருப்பவரும் ஒரு தொடுதலில் கடையோடு கதைப்பார். ஃபேஸ்புக் அரட்டைப் பெட்டி வைத்திருந்தால் அதுவும் போகட்டும். மெட்டா நிறுவனம் அந்தச் சேவையை 2024 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. பிளகின் மட்டும் சும்மா கிடக்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணிக்கைப் பெட்டி, வலது சொடுக்கைத் தடுப்பது, படங்கள் தானாக நகரும் பெரிய ஸ்லைடர், பக்கம் திறக்கும்வரை சுழலும் வட்டம் — இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் வாடிக்கையாளர் கேட்கவில்லை. மிளகாய்த்தூள் ஒரு கிலோ என்ன விலை, கனடாவுக்கு அனுப்புவீர்களா என்று பார்க்கத்தான் அவர் வருகிறார்.

எண்ணிக்கையைக் குறைத்தால் வேகம் தானாக வந்துவிடும் என்று சொல்வது அரைகுறை உண்மை. சின்னச் சின்ன வேலை செய்யும் இருபது பிளகினைவிட, எல்லாப் பக்கத்திலும் தன் கோப்புகளை இறக்கும் ஒரே ஒரு பக்கக் கட்டுமானப் பிளகின் பாரமாக இருக்கலாம். எலிமென்டரும், அதற்கு மேல் இரண்டு மூன்று துணைப் பொதிகளும் இருந்தால் உங்கள் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைக்குத் தேவையான நான்கைந்து பக்கங்களை வேர்ட்பிரஸின் பிளொக் எடிட்டரிலேயே செய்யலாம். உடனே மாற்ற முடியாது என்றால் துணைப் பொதிகளை மட்டுமாவது முதலில் கழற்றுங்கள். எது பாரம் என்று ஊகிக்கவும் தேவையில்லை. குவெரி மொனிட்டர் என்ற இலவச பிளகின், ஒவ்வொரு பக்கத்துக்கும் எந்தப் பிளகின் எத்தனை தரவுத்தளக் கேள்வி கேட்கிறது, எந்தக் கோப்புகளை இறக்குகிறது என்று பிரித்துக் காட்டும். பார்த்து முடிந்ததும் அதையும் எடுத்துவிடலாம்.

வைத்திருக்க வேண்டியவற்றில் முதலாவது பேக்கப். அப்ட்ராஃப்ட்பிளஸின் இலவசப் பதிப்பு போதும். தரவுத்தளத்தைத் தினமும், கோப்புகளை வாரம் ஒருதடவையும் எடுக்கும்படி அமையுங்கள். பிரதிகள் கடையின் கூகிள் ட்ரைவுக்குப் போகட்டும். இலவசக் கணக்கிலேயே 15 ஜிபி இடம் இருக்கிறது. ஹொஸ்டிங் சேர்வரிலேயே பேக்கப்பை வைத்திருப்பதில் பயனில்லை, சேர்வர் போனால் இரண்டும் சேர்ந்து போகும். அமைத்து முடிந்ததும் ஒருதடவை மீட்டெடுத்தும் பாருங்கள். அதை ஓடுகிற தளத்தில் செய்ய வேண்டாம், ஒரு துணை டொமைனில் வெறும் வேர்ட்பிரஸ் ஏற்றி அங்கே செய்யுங்கள். துணை டொமைனின் முகவரி வேறு. அதனால் சோதனையில் தளம் முழுதாக இயங்காவிட்டாலும், படங்களும் பக்கங்களும் பிரதிக்குள் முழுமையாக இருக்கின்றனவா என்பதையாவது கண்ணால் கண்டுவிடுவீர்கள்.

அடுத்தது மின்னஞ்சல். உங்கள் கேள்வியில் எனக்கு ஆகக் கவலை தந்தது இதுதான், ஏனென்றால் வராமல் போன ஒவ்வொரு கடிதமும் ஒரு ஓடராக இருந்திருக்கலாம். பழி படிவப் பிளகினில் இல்லை. வேர்ட்பிரஸ் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் சேர்வரில் ஓடும் பிஎச்பி என்ற நிரல்மொழி வழியாக மின்னஞ்சலை அனுப்பிவிடுகிறது. அனுப்பியவர் உண்மையில் உங்கள் டொமைனுக்குச் சொந்தக்காரர்தானா என்று பெறுகிற பக்கத்துக்கு உறுதிப்படுத்த வழியிருக்காது. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் இறுக்கமாகிவிட்டன. அதனால் கடிதம் எரிதப் பெட்டிக்குள் விழும், இல்லாவிட்டால் வராமலே போகும்.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, டொமைனின் டிஎன்எஸ் பதிவில் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் சேர்ப்பது. உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சேர்வர் கடிதம் அனுப்பலாம் என்று முதலாவது சொல்லும், கடிதத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்க மற்றது உதவும். ஹொஸ்டிங் கட்டுப்பாட்டகத்தில் மின்னஞ்சல் பகுதியில் இதற்கான இடம் இருக்கும். விளங்காவிட்டால் ஹொஸ்டிங்காரரிடம் கேளுங்கள், செய்து தருவது அவர்கள் வேலை. மற்றது, புளூயன்ட்எஸ்எம்டிபி என்ற பிளகினைப் போட்டு, உங்கள் டொமைனிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, அதன் வழியாகவே தளம் கடிதம் அனுப்பும்படி செய்வது. அது முழுதும் இலவசம், போன கடிதங்களின் பதிவையும் வைத்திருக்கும். படிவத்துக்குக் கொன்டாக்ட் ஃபோம் 7 நல்லது. அது வந்த செய்திகளைத் தளத்தில் சேமிப்பதில்லை. மின்னஞ்சலாக அனுப்பிவிட்டு மறந்துவிடும். அதை எழுதியவரே ஃப்ளமிங்கோ என்று இன்னொரு இலவச பிளகின் வைத்திருக்கிறார். அதையும் சேர்த்துவிட்டால் மின்னஞ்சல் தவறினாலும் செய்தி தளத்தில் இருக்கும். படிவ அமைப்பில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியைப் போடாதீர்கள், அங்கே உங்கள் டொமைன் முகவரிதான் வர வேண்டும். வாடிக்கையாளரின் முகவரி 'பதில் அனுப்ப' என்ற இடத்துக்கு. இந்த ஒரு மாற்றத்தாலேயே பலருக்குக் கடிதம் வரத் தொடங்கியிருக்கிறது. படிவத்தில் பெயர், தொலைபேசி எண், செய்தி போதும். அடையாள அட்டை எண், பிறந்த திகதி எல்லாம் கேட்காதீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தேவையில்லாத தகவலைச் சேர்த்து வைத்துக் காவல் காப்பதைவிடக் கேட்காமல் விடுவது எளிது.

தளத்திலேயே பொருள் விற்க உதவும் வூகொமர்ஸ் பிளகின் கடைக்குத் தேவையா? வாரத்துக்கு ஐந்தாறு ஓடர்தான், அதுவும் வட்ஸ்அப்பில்தான் வருகிறது என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். விலையும் படமும் போட்ட ஒரு பக்கமும் வட்ஸ்அப் பட்டனும் அந்த வேலையைச் செய்யும். வூகொமர்ஸ் இலவசம்தான், நல்ல பிளகினும்கூட. ஆனால் அது தளத்துக்குள் ஒரு முழுக் கடையையே கொண்டுவரும், பிறகு அதற்கென்று இன்னும் நான்கு பிளகின் தேட வேண்டிவரும். ஓடர் கூடி, எழுதி வைத்துக் கணக்குப் பார்க்க முடியாத நிலை வரும்போது போடுங்கள். அப்போது இலங்கை ரூபாயைத் தெரிவு செய்யலாம். வங்கி வைப்பு, பொருள் கிடைத்ததும் காசு என்ற இரண்டு முறையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு ஒரு கட்டணம், கொழும்புக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று என்று அனுப்பும் வலயங்களையும் பிளகின் இல்லாமலே பிரிக்கலாம். எடையை வைத்துக் கட்டணம் மாற வேண்டுமென்றால் மட்டும் ஃப்ளெக்ஸிபிள் ஷிப்பிங்கின் இலவசப் பதிப்பைச் சேருங்கள். வங்கி அட்டையில் காசு வாங்க, இலங்கைக் கொடுப்பனவு நிறுவனமான பேஹியர் தரும் வூகொமர்ஸ் பிளகின் இலவசம், ஒவ்வொரு கொடுப்பனவிலும் அவர்கள் ஒரு பங்கு எடுப்பார்கள். எந்தக் கொடுப்பனவுப் பிளகினை ஏற்றுவதற்கு முன்னும், அந்த நிறுவனம் இலங்கை வணிகர்களுக்குக் கணக்குத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். களஞ்சியத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வேறு நாடுகளுக்கானவை.

இனி தமிழ். எந்தப் பொதுவான பட்டியலிலும் இதைச் சொல்லமாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் பக்க முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். உள்ளே சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக மாறுகிறது. 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லில் மெய், புள்ளி, கால் எல்லாம் சேர்த்து 11 குறிகள். அது 99 எழுத்தாகிவிடும். பக்கப் பெயருக்குத் தரவுத்தளத்தில் இருக்கும் இடமோ 200 எழுத்து. 'யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி' என்று எழுதினாலே கடைசி எழுத்து வெட்டுப்படும். வட்ஸ்அப்பில் பகிரும்போதும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் கலந்த நீண்ட வால் ஒன்று வரும். இதைச் சரிசெய்யவும் பிளகின்கள் இருக்கின்றன, ஆனால் தேவையில்லை. பக்கத்தை வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் சின்னதாக ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே வெளியிட்ட பக்கங்களை மாற்றினால் பழைய சுட்டிகளுக்கு ரீடைரக்சன் என்ற இலவச பிளகின் உதவும்.

எழுத்துருவுக்குப் பிளகின் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அன்ட்ரொய்ட் ஃபோனில் நோட்டோ தமிழும், ஐஃபோனில் தமிழ் சங்கமும், விண்டோஸில் நிர்மலாவும் ஏற்கனவே இருக்கின்றன. வெளியிலிருந்து எழுத்துரு இறக்கினால் டேட்டா போட்டுப் பார்க்கும் ஆளுக்குத்தான் செலவு. தலைப்புக்கு மட்டும் அழகான ஒன்று வேண்டுமென்றால் கேட்டமரனோ முக்த மலரோ ஒரே ஒரு தடிப்பில் சேருங்கள். அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய நோட்டீசுகள் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். பாமினியைத் தளத்தில் காட்டுவதற்காக எழுத்துருவை ஏற்றுகிற வழிகள் உண்டு. அப்படி ஏற்றிய எழுத்தைக் கூகிளில் ஒருவரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தளத்தின் மொழியாகத் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவு செய்யலாம். ஆனால் பிளகின்களின் தமிழாக்கம் பாதியில் நிற்கும். ஒரு பட்டன் தமிழிலும் அடுத்தது ஆங்கிலத்திலும் வரும். லோகோ ட்ரான்ஸ்லேட் போட்டு, வாடிக்கையாளர் காணும் நாற்பது ஐம்பது வரிகளை நீங்களே உங்கள் பேச்சில் மொழிபெயர்த்துவிடுங்கள். சேமிக்கும் இடம் கேட்கும்போது லோகோவின் சொந்தக் கோப்புறையைத் தெரிவு செய்தால் அப்டேட் வந்தாலும் அழியாது. ஆனால் பிளகினை இயக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழியில் பக்கங்கள் வேண்டுமென்றால் பொலிலாங் நல்லது, இலவசப் பதிப்பிலேயே எத்தனை மொழியும் சேர்க்கலாம். வூகொமர்ஸ் பொருட்களை மொழிபெயர்க்க மட்டும் அவர்களின் கட்டண இணைப்பு தேவைப்படும். அந்தச் செலவைத் தவிர்க்க, ஒரே பொருளின் பெயரை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்து எழுதிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேடி அம்மம்மாவுக்கு ஓடர் போடுகிற வீடுகளுக்கு அதுவே வசதி.

பற்றுச்சீட்டை பிடிஎஃப் ஆக்கித் தரும் பிளகின் ஏற்றுவதாக இருந்தால் முதலில் 'கெ', 'கொ', 'கை' உள்ள ஒரு பெயரை வைத்துச் சோதியுங்கள். அவற்றில் பல பயன்படுத்தும் டொம்பிடிஎஃப் என்ற நூலகத்துக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொக்குவில்' என்ற ஊர்ப்பெயரே படிக்க முடியாமல் வரும். ஓடர் பக்கத்தை உலாவியிலேயே திறந்து அச்சிட்டால் தமிழ் சரியாக இருக்கும்.

தேடுபொறிக்கு யோஸ்டோ ராங்க் மத்தோ, இரண்டில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். பக்கத் தலைப்பையும் சிறு விளக்கத்தையும் எழுத அது உதவும். வாசிப்பு எளிதா என்று காட்டும் சிவப்பு, பச்சை விளக்குகளைத் தமிழ்ப் பக்கத்தில் பொருட்படுத்தாதீர்கள், அந்த அளவுகோல்கள் வேறு மொழிகளுக்காகச் செய்யப்பட்டவை.

பாதுகாப்புக்கு வேர்ட்ஃபென்ஸின் இலவசப் பதிப்பு போடலாம். புதிய தடுப்பு விதிகள் அதற்குக் கட்டணம் செலுத்துபவர்களைவிட 30 நாள் பிந்தித்தான் வரும், அதனால் அது இருக்கிறது என்று அப்டேட்டைத் தள்ளிப் போட வேண்டாம். டூ ஃபெக்டர் என்ற பிளகினைப் போட்டு நிர்வாகிக் கணக்குக்கு இரண்டாவது உறுதிப்பாட்டை இயக்குங்கள். சிறு பிளகின்களுக்குத் தானியங்கி அப்டேட்டைத் திறந்து விடலாம். 6.6 பதிப்பிலிருந்து, தானியங்கி அப்டேட்டால் தளம் விழுந்தால் வேர்ட்பிரஸ் அந்தப் பிளகினைத் தானே பழைய பதிப்புக்குத் திருப்பிவிடும். வூகொமர்ஸ் போன்ற பெரியவற்றை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டுக் கையால் செய்யுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுக்காரர் எல்லோரும் ஊரில் நிற்பார்கள், ஓடரும் கூடும். அந்த நாட்களில் பாதுகாப்பு அப்டேட் தவிர வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

நீக்கும்போது எல்லாவற்றையும் ஒரே இரவில் கழற்ற வேண்டாம். பேக்கப் எடுங்கள். ஹெல்த் செக் அன்ட் ட்ரபிள்ஷூட்டிங் என்ற பிளகினைப் போட்டு அதன் சோதனை நிலைக்குப் போனால், பிளகின்கள் எல்லாம் உங்கள் கண்ணுக்கு மட்டும் நின்றுவிடும். வாடிக்கையாளருக்குத் தளம் வழமைபோலவே தெரியும். அங்கே ஒவ்வொன்றாகத் திறந்து, எது இல்லாமலும் தளம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றை உண்மையில் முடக்கி, ஒரு கிழமை பார்த்துவிட்டு அழியுங்கள். முடக்கியதோடு நிறுத்தக் கூடாது. கோப்புகள் சேர்வரில் கிடக்கும்வரை அவற்றில் உள்ள ஓட்டையும் கிடக்கும். 2020 செப்டம்பரில் ஏழு லட்சம் தளங்களில் இருந்த ஃபைல் மனேஜர் பிளகினைத் தாக்கியவர்கள் பயன்படுத்தியது, பிளகினுக்குள் நேரடியாகத் திறக்கக்கூடியதாகக் கிடந்த ஒரு கோப்பைத்தான். அது உங்களிடம் இருந்தால் முதலாவதாகப் போகட்டும். கோப்புகளைக் கையாள ஹொஸ்டிங் கட்டுப்பாட்டகமே இருக்கிறது.

ஒருதடவை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்துக் கெதியாகக் காட்டும் கேஷ் பிளகினின் பெயரை மட்டும் இன்னும் சொல்லவில்லை, அது உங்கள் சேர்வரைப் பொறுத்தது. லைட்ஸ்பீட் சேர்வர் என்றால் லைட்ஸ்பீட் கேஷ். அதன் பக்கச் சேமிப்பு அந்தச் சேர்வருக்காகவே செய்யப்பட்டது. அபாச்சி என்றால் டபிள்யூபி சூப்பர் கேஷ் போதும். எதுவானாலும் ஒன்று மட்டும். ஹொஸ்டிங்காரரிடம் எந்தச் சேர்வர், பிஎச்பி எந்தப் பதிப்பு என்று கேட்டு, இப்போது ஏற்றியிருக்கும் பிளகின்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள், தம்பி. எது போகலாம், எது இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.